மேய்ச்சல் பாதையும் கல்குவாரி ஏலமும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பாறைப் புறம்போக்கைக் கல்குவாரிக்கு ஏலம் விடப் போகிறார்களாம். ஆடுமாடு போகும் வண்டிப்பாதை அதற்குள் இருக்கிறது. தடுக்க முடியுமா?
– வாசகர், வேடசந்தூர்

பதில்: வீடு கட்டக் கல் வேண்டும்தான், அதற்காக ஊர் வழியை அடைப்பது அநியாயம். முதலில் புலப்பட நகலை வாங்கிப் பாருங்கள். வண்டிப்பாதை அதில் கோடாக வரையப்பட்டிருந்தால் அதுவே உங்கள் வலுவான ஆதாரம். அதை இணைத்து, ஏலத்துக்கு முன்பே கலெக்டரிடம் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

அடுத்து, தூரத்தை அளந்து பாருங்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959இன்படி, குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை தரக் கூடாது. 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயத்தில் உங்கள் வட்டத்துக் காடுகளும் உண்டு. சரணாலய எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் குவாரி கூடாது.

2012இல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொன்னபடி, 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அனுமதி கொடுத்துவிட்டால், சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். முருங்கை இலையில் கல்தூசி படிந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.