டார்ச் சுடுகிறதே, வெடிக்குமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேட்டரிக் கட்டை போட்ட பழைய டார்ச் சுட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் எல்.இ.டி. டார்ச், கொஞ்ச நேரத்திலேயே கை பொறுக்காத சூட்டுக்குப் போய்விடுகிறது. சிலர் பயந்து தூக்கிப் போடுகிறார்கள். சிலர் கண்டுகொள்வதே இல்லை. கவனிக்க வேண்டியது, சூடு எந்தப் பக்கம் எழுகிறது என்பதைத்தான்.

நம்பிக்கை: எல்.இ.டி. என்றால் சுடாது.
உண்மை: குண்டு பல்பைவிட வீணாகும் மின்சாரம் குறைவுதான். ஆனாலும் பாதிக்கு மேல் வெப்பமாகவே மாறுகிறது. குண்டு பல்பு அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிவிடும். எல்.இ.டி.யின் வெப்பமோ பின்புறமாக, டார்ச்சின் உடல் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அலுமினியத் தலையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருப்பது இதற்குத்தான்.

நம்பிக்கை: தலைப்பகுதி சுட்டால் டார்ச் கெட்டுவிட்டது.
உண்மை: அங்கே சூடு தெரிவது இயல்பு. உச்ச வெளிச்சத்தில் வைத்தால் சற்று நேரத்தில் ஒளி தானாகக் குறைவதும் பல டார்ச்சுகளில் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஆனால் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய உலோகத்தை நிமிடக்கணக்கில் பிடித்திருந்தால் தோல் வெந்துவிடலாம். கை சுட்டால் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

நம்பிக்கை: வெறும் வெளிச்சம் துணியை என்ன செய்துவிடும்?
உண்மை: சக்திவாய்ந்த டார்ச்சை எரியவிட்டுக் கருப்புத் துணிமேல் கவிழ்த்தால், அந்த ஒளி முழுவதும் துணியில் வெப்பமாகிறது, துணி கருகும். பைக்குள் பட்டன் தானாக அழுந்தினாலும் இதே கதைதான். பையில் வைக்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். அல்லது பட்டன் பூட்டு இருந்தால் போடுங்கள்.

நம்பிக்கை: அளவு பொருந்தினால் எந்த பேட்டரியும் போடலாம்.
உண்மை: உண்மையான ஆபத்து இங்கேதான். 18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட லித்தியம் அயனி செல். இதன் அதிகபட்சக் கொள்ளளவு பொதுவாக 3500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டியே நிற்கும். 9000 என்று உறையில் அச்சடித்திருந்தால் அது பொய். இரண்டு செல் போடும் டார்ச்சில் பழையதையும் புதியதையும் கலந்தால், பலவீனமான செல் முழுக்க வடிந்த பிறகும் மற்றது அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளும். சாதாரண கட்டை என்றால் உள்ளிருக்கும் ரசாயனம் கசியும். லித்தியம் என்றால் உள்ளே சூடேறி, நச்சு வாயு பீறிட்டுத் தீப்பிடிக்கலாம். உறை கிழிந்த செல்லைச் சாவி, சில்லறையோடு பையில் போடுவதும் அதே அளவு ஆபத்து.

நம்பிக்கை: ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால் நன்றாக ஏறும்.
உண்மை: லித்தியம் அயனி செல் 4.2 வோல்ட்டில் நிரம்பிவிடும். அங்கே நிறுத்தத் தெரியாத மலிவு சார்ஜர், செல்லைக் கெடுக்கும். ஈய-அமில பேட்டரி கொண்ட டார்ச்சில் அளவு மீறினால் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். மெத்தைமேல் வைத்தோ, எல்லோரும் தூங்கும்போதோ சார்ஜ் போடாதீர்கள்.

அணைத்த டார்ச்சின் தலை சிறிது நேரத்தில் ஆறிவிட வேண்டும். அணைத்த பிறகும் பேட்டரி இருக்கும் குழாய்ப் பகுதி சூடேறிக்கொண்டே போனாலோ, சீறல் சத்தமோ காட்டமான வாடையோ வந்தாலோ, மூடியைத் திருகாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். வீட்டைவிட்டு எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.