நீர்க் கூலர்: இயக்கமும் பராமரிப்பும்

ஏப்ரல் இறுதி முதல் பருவமழை தொடங்கும் வரை வட இந்தியச் சமவெளியில் வீசும் 'லூ' என்னும் அனற்காற்று வெப்பம் மிகுந்தது மட்டுமன்று, மிக வறண்டதுமாகும். வாயில்களிலும் சாளரங்களிலும் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு, நீர் தெளித்து வீட்டைக் குளிர்விப்பது அப்பகுதிகளின் பழைய வழக்கம். டில்லி, ராஜஸ்தானம் முதலிய இடங்களில் இன்று பெருவழக்காயுள்ள கூலர், அத்தட்டியுடன் ஒரு விசிறியும் ஒரு சிறு பம்பும் சேர்ந்ததேயன்றி வேறன்று.

நீர் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. சுமார் 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வேண்டும். அது காற்றிலிருந்தே பெறப்படுகிறது. ஆகவே காற்று எவ்வளவு வறண்டுள்ளதோ அவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். இரு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றன் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் போதும். மே மாதப் பிற்பகலில் காற்று 42 டிகிரி செல்ஷியஸ், ஈரப்பதம் 15 சதவீதம் எனின், ஈரக்குமிழ் சுமார் 22 டிகிரி காட்டும். கூலர் அவ்வளவு கீழே இறங்காது. நல்ல நிலையிலுள்ளது 27 டிகிரியளவில் காற்றைத் தரும். ஜூலையில் 34 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருப்பின் ஈரக்குமிழே 30 டிகிரியில் நின்றுவிடும். அப்பொழுது பம்பை நிறுத்தி விசிறியை மட்டும் இயக்குவதே தக்கது.

குளிர்ச்சி வெளியேறிவிடும் என்றஞ்சி அறையை முற்றும் அடைப்போர் பலர். ஏர்கண்டிஷனருக்கு அது பொருந்தும், கூலருக்குப் பொருந்தாது. ஈரக்காற்று வெளியேற எதிர்ப்புறச் சாளரம் சிறிது திறந்திருத்தல் வேண்டும். இன்றேல் அறையில் புழுக்கமும் சுவரில் பூஞ்சையுமே மிஞ்சும்.

இனி நீர்த்தொட்டி. 1996-ஆம் ஆண்டில் டில்லியில் பரவிய டெங்குக் காய்ச்சல் 10,000-க்கு மேற்பட்டோரைப் பற்றி, 400-க்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் இஜிப்டி என்னும் கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரை நாடுவது. கூலர்த் தொட்டி அதற்கு மிக உகந்த இடம். வெப்பக்காலத்தில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாட்களே போதும். ஆதலால் வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்யுமாறு கூறப்படுகிறது. ஆனால் நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈரமான தொட்டிச் சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை உலர்ந்தும் பல மாதங்கள் உயிருடன் இருக்கவல்லவை; நீர் மீண்டும் ஏறியதும் பொரிக்கும். எனவே தொட்டியின் சுவரை, முக்கியமாக மூலைகளை, கடினமான தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, உலரவிட்ட பின்னரே நீர் நிரப்ப வேண்டும். வீடு வீடாகச் செல்லும் கள ஊழியர், நீரில் புழு இல்லையெனக் கண்டதும் திரும்பிவிடாது, தேய்க்கும் முறையை வீட்டாருக்குச் செய்து காட்டுதல் நலம்.

இவ்வாறு கழுவுவதால் பிறிதொரு நன்மையுமுண்டு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். 60 லிட்டர் தொட்டியில் ஒரு வாரத்தில் 600 லிட்டர் ஊற்றினால், அத்தனை நீரின் உப்பும் தொட்டியிலும் தட்டியிலும் சேர்ந்து துளைகளை அடைக்கும். இரவில் கூலரை நிறுத்துமுன் பம்பை அணைத்து, விசிறியைச் சிறிது நேரம் ஓடவிட்டால் தட்டி உலரும், நாற்றம் தோன்றாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை சற்றும் அசட்டை கூடாது. தகட்டு உடல், நீரிலேயே இருக்கும் பம்பு, ஈரத்தரை, வெறுங்கால் ஆகிய இவையனைத்தும் ஓரிடத்தில் கூடுகின்றன. சுவிட்சை அணைத்தல் பாதுகாப்பாகாது. கம்பிகள் மாற்றி இணைக்கப்பட்டிருப்பின், சுவிட்ச் அணைந்த பின்னும் உள்ளே மின்சாரம் இருக்கும். நீர் ஊற்றுமுன்னும் கழுவுமுன்னும் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். மூன்று முனைப் பிளக் இருந்தும் சுவரில் எர்த் இணைப்பு இல்லாத வீடுகள் உள்ளன. இதனை மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் அவசியம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தையும் பொருத்துதல் நன்று. எவரேனும் கூலரைத் தொட்டு மின்தாக்குதலுக்கு ஆளாயின், முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதற்குமுன் அவரைத் தொடலாகாது.

குளிர்காலத்தில் கூலரை எடுத்து வைக்குங்கால் பழைய மரச்சீவல் தட்டிகளை அகற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்திக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். மொட்டை மாடியில் திறந்தபடி விடப்பட்டது, அடுத்த முதல் மழையிலேயே கொசுத் தொட்டியாகிவிடும்.