மரமறிந்து மெருகிடல்

நுழையும்முன்

இசைக்கருவியை மீட்டக் கற்பவர் அதனைப் பேணவும் கற்றாக வேண்டும். கிட்டார்க் கலைஞரின் விரல்கள் நாளும் உறவாடும் இடம் ஒரு மெல்லிய மரப்பலகை. அதற்கு எண்ணெய் இடுவதா, மெழுகு பூசுவதா, ஒன்றும் செய்யாது விடுவதா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் மரங்களின் இயல்பும் எண்ணெய்களின் வேதியியலும் கைவினைஞரின் பட்டறிவும் காட்டைப் பற்றிய பொறுப்பும் அடங்கியுள்ளன.

விரல் தொடும் மரம்

நம் வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மேல் உயர்த்திப் பதிக்கப்பட்டுள்ளன. தந்தியை அழுத்தும் விரல் அடியிலுள்ள மரத்தைத் தொடுவதில்லை. கிட்டாரின் அமைப்பு வேறு. அதன் கழுத்தின் மேற்புறத்தில் ஒட்டப்பட்ட மெல்லிய பலகையில் குறுக்காகக் காடிகள் வெட்டி, அவற்றில் உலோக மெட்டுகளை அடித்து இறுக்குவர். மெட்டுகள் தாழ்வாக இருப்பதால் தந்தியோடு விரலும் மரத்தில் படிகிறது. ஃபிரெட்போர்டு என்று இசைக்கலைஞர்கள் அழைக்கும் இப்பகுதியை விரற்பலகை எனலாம்.

விரல் படும் மரத்தில் வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெய்ப்பசையும் உதிரும் தோல்துகளும் நாள்தோறும் சேர்கின்றன. மெட்டுகளின் ஓரங்களில் அவை கருத்த அழுக்காக இறுகுகின்றன. எனவே, இப்பலகைக்குத் தூய்மையும் காப்பும் தேவை. ஆயினும், எல்லாப் பலகைகளுக்கும் பொருந்தும் ஒரே காப்பு என்று எதுவும் இல்லை. மரத்தின் இயல்பை அறிந்த பின்னரே மெருகைத் தெரிவு செய்தல் வேண்டும்.

மூவகை மரங்கள்

விரற்பலகைக்கு மரபாகப் பயன்பட்டுவரும் மரங்கள் ஈட்டி, கருங்காலி, மேப்பிள் ஆகிய மூன்றாகும். தோதகத்தி என்றும் வழங்கப்பெறும் ஈட்டி, கண்ணுக்குப் புலப்படும் நுண்துளைகளை உடையது. தனக்கே உரிய எண்ணெய்ப்பசையும் அதற்கு உண்டு. ஆதலால், இதனைப் பெரும்பாலும் பூச்சின்றி வெற்று மரமாகவே விட்டுவிடுவர். கருங்காலி மிகவும் அடர்த்தியானது. அதன் துளைகள் மிக நுண்ணியவை. வயலினின் விரற்பலகைக்கும் இம்மரமே ஏற்றதாகக் கருதப்படுகிறது. வழவழப்பும் உறுதியும் மிக்கதாயினும், வறட்சி மிகுந்தால் கருங்காலி வெடிப்பு விடும்.

மேப்பிள் வெளிர்நிற மரம். வெறுமையாக விட்டால் வியர்வையும் அழுக்கும் ஏறிக் கறைபடும். ஆகவே, அதன்மேல் ஒளி ஊடுருவும் வார்னிஷ் போன்ற பூச்சினை இடுவர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் நிறுவிய தொழிற்கூடத்தில் 1950களில் உருவான மின்கிட்டார்கள் மேப்பிள் விரற்பலகையைக் கொண்டிருந்தன. நாளும் வாசிப்போரின் விரல் பட்ட இடங்களில் பூச்சுத் தேய்ந்து, மரம் கருத்து, கருவி அழுக்கேறியதுபோல் தோன்றியது. 1958இல் வெளிவந்த ஜாஸ்மாஸ்டர் என்னும் கிட்டாருக்கு அத்தொழிற்கூடம் ஈட்டிப் பலகையைப் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டிலேயே பிற கிட்டார்களுக்கும் அது பரவியது. பின்னாளில் மேப்பிள் பலகையும் மீண்டு வந்தது. இன்று இரண்டும் வழக்கில் உள்ளன.

இவ்வேறுபாடே தெரிவின் முதற்படி. பூச்சிட்ட மேப்பிளின்மேல் எண்ணெய் இட்டால் அது மரத்திற்குள் செல்லாது. மேலே பிசுக்காகத் தேங்கும். அதற்குச் சற்றே ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்த்துதல் போதுமானது. எண்ணெய் பற்றிய கேள்வி வெற்று மரத்திற்கு மட்டுமே உரியது. மரப்பெயரை மட்டும் கொண்டு இதனை முடிவு செய்துவிடவும் இயலாது. ரிக்கன்பேக்கர் நிறுவனம் தன் கிட்டார்கள் பலவற்றின் ஈட்டிப் பலகைக்கும் பளபளக்கும் பூச்சினை இட்டுவந்துள்ளது. பலகையை ஒளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். துளைகள் திறந்திருந்தால் அது வெற்று மரம். கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பினால் பூச்சிட்ட மரம்.

ஈரமும் மரமும்

வெட்டி அறுத்துக் கருவியாக்கிய பின்னும் மரம் காற்றின் ஈரத்திற்கேற்பப் பருத்தும் சுருங்கியும் கொண்டிருக்கிறது. இம்மாற்றம் இழையின் நீளவாக்கில் மிகக் குறைவு, அகலவாக்கில் மிகுதி. விரற்பலகை சுருங்கும்போது அதன் அகலம் குறைகிறது. உலோக மெட்டுகளோ ஈரத்திற்கு ஏற்ப மாறுவதில்லை. ஆகவே, மெட்டுகளின் முனைகள் பலகையின் ஓரத்தில் துருத்திக்கொண்டு விரலைக் கீறுகின்றன. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது அறைக்காற்று வறண்டு, இக்குறை மிகுதியாகத் தோன்றும்.

வறண்ட பலகைக்கு எண்ணெயே மருந்து எனப் பலர் கருதுவர். எண்ணெய் மரத்தின் நிறத்தை ஆழமாக்கும்; மேற்பரப்பை வழவழப்பாக்கும்; ஈரம் ஏறி இறங்கும் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். ஆனால், மரம் இழந்தது நீரையேயன்றி எண்ணெயை அன்று. கிட்டார் இருக்கும் இடத்தின் ஒப்பு ஈரப்பதத்தை ஏறத்தாழ 45 முதல் 55 விழுக்காட்டிற்குள் வைத்திருப்பதே உண்மையான காப்பாகும். ஈரப்பதமானி ஒன்று பல புட்டி எண்ணெயைவிடப் பயன்மிக்கது.

எண்ணெய்களின் இயல்பு

எண்ணெய்களை உலரும் எண்ணெய், உலராத எண்ணெய் என இருவகையாகப் பிரிக்கலாம். ஆளிவிதை எண்ணெய் முதல் வகையைச் சார்ந்தது. அதன் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான படலமாக மாறுகின்றன. மெல்லிதாக இட்டால் இப்படலம் மரத்தைக் காக்கும். மிகுதியாக இட்டாலோ உலராது பிசுபிசுக்கும். அடுக்கடுக்காகச் சேர்ந்து மெட்டுகளின் ஓரங்களில் படியும்.

தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் உலர்வதில்லை. வீட்டில் எளிதில் கிடைக்கின்றன என்பதற்காக இவற்றை மரத்தில் தடவுதல் தகாது. நாளடைவில் இவை சிக்கடித்து, தூசியைப் பற்றிக்கொள்ளும். கனிம எண்ணெயும் உலராத இயல்பினதே; எனினும் அது கெட்டுப்போவதில்லை. அதனால் கைவினைஞர் பலர் வெற்று மரத்திற்கு அதனை விரும்புகின்றனர். கடைகளில் விரற்பலகைக்கென எலுமிச்சையின் பெயரால் விற்கப்படும் எண்ணெய்கள் பலவற்றில் பெரும்பகுதி கனிம எண்ணெயே. எலுமிச்சை மணம் சேர்க்கப்பட்டிருக்கும். தோலிலிருந்து எடுக்கும் தூய எலுமிச்சை எண்ணெய் பிசுக்கைக் கரைக்கும் கரைப்பான்; அது மரத்திற்கு ஊட்டம் தருவதன்று. தேன்மெழுகோ மரத்தின் மேற்பரப்பில் தங்கி மெல்லிய மெருகினைத் தரும்.

தெரியுமா?

ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டியோ குவித்தோ வைத்தால், வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இவ்வாறே தீக்கிரையானது. மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து எழுந்த அத்தீயில் தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். இத்தகைய துணிகளை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீரில் நனைத்து, மூடியுள்ள உலோகக் கலத்தில் இட வேண்டும்.

தேவை தெரிவை மாற்றும்

மரத்தின் இயல்போடு வாசிப்பவரின் தேவையும் தெரிவில் இடம்பெறும். பேஸ் கிட்டார் இசையில் புதுப்பாதை வகுத்தவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். அவருடைய கருவி, ஈட்டிப் பலகை கொண்ட 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். மெட்டுகள் களையப்பட்டு, காடிகள் நிரப்பப்பட்ட அதனை மெட்டில்லாக் கருவியாக அவர் வாசித்தார். மெட்டு இல்லாத நிலையில் தந்திகள் நேரே மரத்தின்மேல் அழுந்தின. வெளியே கம்பி சுற்றப்பட்ட அத்தந்திகள் அரம்போல் மரத்தைத் தேய்க்கக்கூடியவை. இத்தேய்மானத்தை எண்ணெயோ மெழுகோ தடுக்க இயலாது. எனவே, படகுகளுக்குப் பூசும் எப்பாக்சிப் பிசினை அவர் பலகையின்மேல் பூசினார். அது மரத்தைக் காத்ததோடு, ஒலிக்கும் தெளிவும் நீட்சியும் தந்தது. 1976இல் அவர் பெயரிலேயே வெளிவந்த இசைத்தொகுப்பில் மெட்டில்லா பேஸின் அக்குரலைக் கேட்கலாம்.

மெட்டுள்ள கிட்டாருக்கு இம்முறை தேவையில்லை. பிறருக்குப் பொருந்தியது நம் கருவிக்கும் பொருந்தும் எனக் கொள்ளாமல், காரணத்தை ஆராய்ந்து ஏற்பதே அறிவுடைமை.

பேணும் முறை

வெற்று மரப் பலகையை ஆண்டிற்கு ஓரிரு முறை மெருகிட்டால் போதும். தந்திகளைக் கழற்றிய பின், உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும். மெட்டோரத்து அழுக்கை மென்மையான பல்துலக்கியால் நீக்கலாம். மிக நுண்ணிய எஃகு நாரைப் பயன்படுத்துவோர், மின்கிட்டாராயின் அதன் காந்தப் பகுதிகளை ஒட்டுத்தாளால் மூடுதல் வேண்டும்; இன்றேல் எஃகுத்தூள் அங்கே ஒட்டிக்கொள்ளும். பின்னர்ச் சில துளிக் கனிம எண்ணெயைத் துணியில் விட்டு, மெல்லிதாகத் தடவி, சில நிமிடம் கழித்து எஞ்சியதை முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும். மரத்தின்மேல் ஈரப்பசை தெரியுமாயின் இட்ட அளவு மிகுதி என்பது பொருள். வாசித்து முடித்ததும் கையைத் துடைப்பதுபோல் தந்தியையும் பலகையையும் துடைத்து வைக்கும் பழக்கம், எந்த மெருகினும் சிறந்த காப்பு.

காட்டிற்கு நாம் பட்ட கடன்

கிட்டார் செய்வோர் பெரிதும் விரும்பிய பிரேசில் நாட்டு ஈட்டி மரம் வெட்டி வெட்டியே அருகிப்போனது. 1992 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கடுமையாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. அதன் இடத்தைப் பெரிதும் நிரப்பியது, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் இந்திய ஈட்டி. இன்று அதுவும் அழிவாய்ப்புக்கு உள்ளாகும் இனமாகக் கருதப்படுகிறது. 2017இல் ஈட்டிப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. முழுமைபெற்ற இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது.

மெதுவாக வளரும் இயல்புடைய ஈட்டி மரம், கருவிக்கேற்ற வைரம் ஏற நெடுங்காலம் பிடிக்கும். ஒரு பலகை வெடித்தால் மாற்றுப் பலகை வாங்கலாம் என்பது கடைவீதிக் கணக்கு. அம்மாற்றுப் பலகையும் ஒரு காட்டிலிருந்தே வந்தாக வேண்டும். மரமறிந்து, அளவறிந்து மெருகிடுவோர் தம் கருவியோடு இன்னொரு மரத்தின் வாழ்நாளையும் காக்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் இசைக்கருவி செய்பவர் அல்லது தச்சர் ஒருவரைச் சந்தித்து, அவர் மரத்திற்கு இடும் மெருகுகளையும் அவற்றிற்கான காரணங்களையும் கேட்டறிந்து தொகுக்க.
2. வீணையின் மெட்டமைப்பையும் கிட்டாரின் மெட்டமைப்பையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. காற்றோடு வினைபுரிந்து கெட்டிப்படலமாக மாறும் எண்ணெய்
அ) தேங்காய் எண்ணெய் ஆ) கனிம எண்ணெய் இ) ஆளிவிதை எண்ணெய் ஈ) ஆலிவ் எண்ணெய்

குறுவினா
2. பூச்சிட்ட மேப்பிள் பலகைக்கு எண்ணெய் இடுதல் ஏன் பயன் தராது?
3. மெட்டுகளின் முனைகள் துருத்தி நிற்பதற்குக் காரணம் யாது?

சிறுவினா
4. ‘மரம் இழந்தது நீரையேயன்றி எண்ணெயை அன்று’ – விளக்குக.

நெடுவினா
5. விரற்பலகைக்கு ஏற்ற மெருகினைத் தெரிவு செய்வதில் மரத்தின் இயல்பும் வாசிப்பவரின் தேவையும் பெறும் இடத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.