கணினியிலிருந்து விளையாட்டு மென்பொருளை முற்றாக நீக்குதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: பணிசெயல் முறைமையும் கோப்பு முகாமைத்துவமும்

மாணவர்களே, வீட்டில் ஒரு கணினி மட்டுமே இருக்கும்போது அதில் உங்கள் பாடக் குறிப்புகள், அண்ணனின் உயர்தரச் செயற்றிட்டம், அம்மாவின் கணக்கு விபரம் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். பரீட்சை நெருங்கும்போது விளையாட்டை நீக்க நினைப்பீர்கள். பலர் அதன் கோப்புறையை அழித்துவிட்டு வேலை முடிந்தது என எண்ணுகின்றனர். ஆனால் விளையாட்டின் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். அதைச் சொடுக்கினால் பிழைச் செய்தி தோன்றும். இது ஏன் நிகழ்கிறது, இதனைப் பாதுகாப்பாக எவ்வாறு சரிசெய்வது என்பவற்றை இப்பாடத்தில் கற்போம்.

1. நிறுவும்போது நடப்பது என்ன?

ஒரு விளையாட்டை விண்டோஸ் பணிசெயல் முறைமையில் நிறுவும்போது அதன் பகுதிகள் பொதுவாகப் பின்வரும் இடங்களில் வைக்கப்படும்.

(அ) புரோகிராம் பைல்ஸ் கோப்புறை – விளையாட்டின் பிரதான கோப்புகள்
(ஆ) மேசைமுகப்பு, தொடக்கப் பட்டி – குறுக்குவழிகள்
(இ) பயனரின் கோப்புறை – சேமித்த ஆட்டங்கள், அமைப்புகள்
(ஈ) ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேடு – மென்பொருளின் பெயர், அதனை நீக்கும் நிரலின் இருப்பிடம் முதலிய பதிவுகள்

1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 முதல் பணிசெயல் முறைமையும் பிரயோக மென்பொருள்களும் தமது அமைப்பு விபரங்களைப் பதிவேட்டில் பரவலாகச் சேமித்து வருகின்றன. கட்டுப்பாட்டுப் பலகத்தில் காணும் மென்பொருள் பட்டியல் இப்பதிவுகளைப் பார்த்தே தயாரிக்கப்படுகிறது. ஆகவே (அ) இலுள்ள கோப்புறையை மட்டும் அழித்தால் (ஈ) இலுள்ள பதிவு எஞ்சிவிடும். நீக்கும் நிரலும் கோப்புறையுடன் அழிந்துவிட்டதால் பின்னர் முறைப்படி நீக்கவும் முடிவதில்லை.

2. முறையான வழி

படி 1: சேமித்த ஆட்டங்கள் தேவையெனின் அவற்றை வேறிடத்தில் பிரதி செய்க.
படி 2: விளையாட்டு இயங்கிக்கொண்டிருப்பின் அதனை மூடுக.
படி 3: கட்டுப்பாட்டுப் பலகத்தில் மென்பொருள் பட்டியலைத் திறக்க. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் செட்டிங்ஸ் பகுதியிலுள்ள அப்ஸ் என்பதன் மூலமும் இதனைச் செய்யலாம்.
படி 4: விளையாட்டின் பெயரைத் தெரிவுசெய்து அன்இன்ஸ்டோல் என்பதைச் சொடுக்குக.
படி 5: புரோகிராம் பைல்ஸ் கோப்புறையில் அவ்விளையாட்டுக்குரிய கோப்புறை எஞ்சியிருப்பின் அதனை மாத்திரம் அழிக்க.
படி 6: மீள்சுழற்சித் தொட்டியைப் பார்வையிட்டு, தேவையான கோப்புகள் இல்லையென உறுதிசெய்தபின் வெறுமையாக்குக.

3. பெயர் மட்டும் எஞ்சியிருந்தால்

பின்வரும் வழிகளை இதே ஒழுங்கில் முயல்க.

முதலாவது வழி: கட்டுப்பாட்டுப் பலகத்தின் பட்டியலில் அப்பெயரைத் தெரிவுசெய்து நீக்க முயல்க. விண்டோஸ் விஸ்டாவிற்குப் பிந்திய பதிப்புகளில், மென்பொருள் ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கலாம், பெயரைப் பட்டியலிலிருந்து அகற்றவா என்னும் வினா தோன்றக்கூடும். ஆம் என விடையளித்தால் போதும்.

இரண்டாவது வழி: அதே விளையாட்டை மீண்டும் அதே இடத்தில் நிறுவி, முறைப்படி நீக்குக. நீக்கும் நிரல் மீண்டும் கிடைப்பதால் பெரும்பாலும் இது பயனளிக்கும்.

மூன்றாவது வழி: பதிவேட்டிலுள்ள பதிவை அழித்தல். முதலிரு வழிகளும் பலனளிக்காதபோது மாத்திரம், ஆசிரியர் அல்லது அனுபவமுள்ள ஒருவரின் முன்னிலையில் இதனைச் செய்க.

• விண்டோஸ் சாவியையும் ஆர் சாவியையும் ஒன்றாக அழுத்தித் தோன்றும் பெட்டியில் ரெஜெடிட் எனத் தட்டச்சு செய்க.
• எச்கீ லோக்கல் மெஷின் → சொப்ட்வெயார் → மைக்ரோசொப்ட் → விண்டோஸ் → கரண்ட் வேர்ஷன் → அன்இன்ஸ்டோல் என்னும் பாதையில் செல்க.
• சில பதிவுகளுக்குப் பெயருக்குப் பதிலாக நீண்ட எண்ணெழுத்துத் தொடரே இருக்கும். ஒவ்வொன்றையும் சொடுக்கி, வலப்புறத்தில் டிஸ்பிளே நேம் என்பதற்கு எதிரேயுள்ள பெயரை வாசித்து உரிய பதிவைக் கண்டறிக.
• அப்பதிவை எக்ஸ்போர்ட் கட்டளையால் ஒரு கோப்பாகச் சேமிக்க. இதுவே உங்கள் காப்புப் பிரதி.
• அந்த ஒரு பதிவை மாத்திரம் அழிக்க.

கவனிக்க: பதிவேட்டில் அழித்தது மீள்சுழற்சித் தொட்டிக்குச் செல்லாது. செய்ததை மீளப்பெறும் கட்டளையும் அங்கில்லை. தவறான பதிவை அழித்தால் வேறு மென்பொருள்கள் செயலிழக்கலாம். விண்டோஸ் தொடங்காமலும் போகலாம். அப்போது வீட்டில் எல்லோருடைய வேலையும் தடைப்படும். பெயரில் சந்தேகம் இருப்பின் கைவைக்க வேண்டாம். எஞ்சிய ஒரு பதிவு பிடிக்கும் இடம் மிகச் சிறிது. அது இருப்பதால் கணினியின் வேகம் குறைந்துவிடாது.

4. மாதிரி வினாக்கள்

வினா 1: மேசைமுகப்பிலுள்ள விளையாட்டின் குறுக்குவழியை அழித்தால் நிகழ்வது
(1) விளையாட்டு முற்றாக நீங்கும்
(2) சேமித்த ஆட்டங்கள் அழியும்
(3) விளையாட்டு வன்தட்டில் தொடர்ந்து இருக்கும்
(4) பதிவேட்டுப் பதிவு நீங்கும்

வினா 2: ஒரு மாணவனின் வன்தட்டில் 2.5 கிகாபைற்று இடம் வெறுமையாக உள்ளது. அவன் அதே வன்தட்டிலிருந்த 1536 மெகாபைற்று அளவுடைய கோப்புறையொன்றை மீள்சுழற்சித் தொட்டிக்கு அனுப்புகிறான். (அ) தொட்டியை வெறுமையாக்க முன்னரும் (ஆ) பின்னரும் உள்ள வெற்றிடத்தைக் காண்க. (1 கிகாபைற்று = 1024 மெகாபைற்று)

வினா 3: கோப்புறையை நேரடியாக அழிப்பது மென்பொருளை நீக்கும் சரியான முறையன்று. இரு காரணங்கள் தருக.

விடைகள்

1. விடை (3). குறுக்குவழி என்பது கோப்பின் இருப்பிடத்தைக் காட்டும் சுட்டு மாத்திரமே.

2. 1536 ÷ 1024 = 1.5 கிகாபைற்று.
(அ) 2.5 கிகாபைற்று. தொட்டியிலுள்ள கோப்புகளும் வன்தட்டில் இடம் பிடிப்பதால் மாற்றமில்லை.
(ஆ) 2.5 + 1.5 = 4 கிகாபைற்று.
பலர் (அ) பகுதிக்கும் 4 என எழுதிப் புள்ளியை இழக்கக்கூடும். தொட்டி வெறுமையாக்கப்பட்டதா என வினாவில் கவனமாக வாசிக்க.

3. (i) பதிவேட்டுப் பதிவுகளும் குறுக்குவழிகளும் எஞ்சிவிடும். (ii) நீக்கும் நிரலும் சேர்ந்து அழிவதால் பின்னர் முறைப்படி நீக்க முடியாமற்போகும்.

நினைவில் கொள்க: முதலில் காப்புப் பிரதி, அடுத்து முறைப்படி நீக்கல், இறுதியாகத் தொட்டியை வெறுமையாக்கல்.