மெயில்களை எழுதிவிட்டு ஆட்டோரெஸ்பாண்டர் தேடுங்கள்

ஆன்லைனில் சிறு கடை நடத்துபவர்கள் ஆட்டோரெஸ்பாண்டர் வாங்கும்போது பெரும்பாலும் விலைப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். எது இலவசம், எத்தனை பேர் வரை இலவசம், எதில் டெம்ப்ளேட் அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நாட்கள் ஓடிவிடும். நான் சொல்வது வேறு வழி. அனுப்ப வேண்டிய ஐந்தாறு மெயில்களை முதலில் எழுதி முடியுங்கள். அவை கையில் இருந்தால் எந்தச் சேவை வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும்.

ஒருவர் உங்கள் பட்டியலில் சேர்ந்ததும், அல்லது ஒரு பொருளை வாங்கியதும், முன்கூட்டியே எழுதிவைத்த மெயில்களைக் குறித்த நாட்களில் தானாக அனுப்புவதுதான் ஆட்டோரெஸ்பாண்டரின் வேலை. 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏவெபர் இந்த வேலையை வைத்தே வளர்ந்தது. இன்று இத்துறையில் இருப்பவர்கள் லேண்டிங் பேஜ், எஸ்எம்எஸ், விளம்பரம் என்று பலதையும் சேர்த்து விற்கிறார்கள். சிறு கடைக்கு முதலில் வேண்டியது அந்தப் பழைய வேலைதான். அதை ஒழுங்காகச் செய்யாத சேவையில் மற்ற எதுவும் பயன்படாது.

‘எல்லாரும் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறார்கள், மெயில் எதற்கு?’ என்ற கேள்வி நம் ஊரில் கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்குத்தான் இடம். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். மென்பொருளை வாட்ஸ்அப்போடு இணைக்கும் ஏபிஐ வழியாக அனுப்பினால் ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் காசு. பார்சல் கிளம்பிவிட்டது போன்ற உடனடித் தகவலுக்கு வாட்ஸ்அப் நல்லது. நிதானமாகப் படித்து, இரண்டு வாரம் கழித்துத் தேடி எடுத்து மறுபடி படிக்க வேண்டியதற்கு மெயில்தான் சரி.

எழுதிப் பார்த்தால் தெரியும்

மாடித்தோட்டத்துக்கு விதை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் கத்தரி விதையும் இன்னொருவர் சிறுகீரை விதையும் வாங்குகிறார்கள். இருவருக்கும் ஆர்டர் உறுதியான மெயில் ஒன்றுதான். அதோடு மண்கலவையை இப்போதே தயார் செய்துவையுங்கள் என்று நான்கு வரி சேர்க்கலாம். பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாள் இரண்டாவது மெயில். தலைப்பு: ‘விதை வந்து சேர்ந்ததா?’ இங்கிருந்து பாதை பிரிகிறது. கீரையை நேராகத் தொட்டியில் தூவலாம். கத்தரியை முதலில் நாற்றுத் தட்டில் போட வேண்டும். கத்தரி முளைக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த நேரத்தில் போகும் மூன்றாவது மெயில் இப்படித் தொடங்கலாம்: ‘இன்னும் முளைக்கவில்லையா? ஆழமாகப் புதைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் அதிகமாகியிருக்கலாம். தட்டை ஒரு படம் எடுத்து இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.’ வாடிக்கையாளர் ‘விதை சரியில்லை’ என்று முடிவு கட்டப்போகும் நாளில் இது போய் நிற்கும். விளம்பரத்துக்குச் செலவழிக்கும் பணத்தைவிட இந்த ஒரு மெயில் கடையை அதிகம் காப்பாற்றும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஏறக்குறைய முப்பதாம் நாளில் கத்தரிக்காரருக்கு நாற்றை எடுத்து நடும் முறை போக வேண்டும். அதே சமயத்தில் கீரைக்காரர் அறுவடையே முடித்திருப்பார். அவருக்கு அடுத்த பாக்கெட் விதை தேவை. விற்பனை மெயிலுக்கு அதுதான் பொருத்தமான நாள்.

இந்த மெயில்களை எழுதிவிட்டால் சேவையிடம் என்ன கேட்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்கிய பொருளை வைத்து ஆட்களைப் பிரிக்க முடியுமா? இதை டேக் என்பார்கள். ஆர்டர் போட்ட நாளை விட்டுவிட்டு, பார்சல் சேர்ந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்க முடியுமா? இடையில் ஒருவர் மறுபடி வாங்கிவிட்டால், ‘வாங்குங்கள்’ என்ற மெயில் அவருக்குப் போகாமல் தானாக நிற்குமா? உங்கள் கடை ஷாப்பிஃபையிலோ வூகாமர்ஸிலோ இருந்தால் அந்த ஆர்டர் விவரம் நேராக இங்கே வந்து விழுமா? இந்த நான்குக்கும் ‘முடியும்’ என்று வந்தால், அந்த வசதி எந்தக் கட்டணத் திட்டத்தில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இலவசத் திட்டத்தில் தானியங்கி வரிசை இருப்பதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே போனால் சிலவற்றில் அது ஒரே ஒரு வரவேற்பு மெயிலோடு முடிந்துவிடும்.

தமிழில் எழுதுபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். பெயரைத் தானாக நிரப்பும் வசதியை எல்லாச் சேவைகளும் பெருமையாகக் காட்டும். வாடிக்கையாளர் பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்திருப்பார். அதில் நாம் ‘-க்கு’, ‘-இன்’ என்று வேற்றுமை உருபை ஒட்டினால் பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக வரும். பெயரே கொடுக்காதவருக்கு ‘அன்புள்ள’ என்று எழுதி ஒரு காற்புள்ளி மட்டும் போகும். ‘வணக்கம்.’ என்று தொடங்கிவிட்டால் தொல்லையே இல்லை.

இன்னொன்று அளவு. ஒரு மெயிலின் எழுத்தும் வடிவமைப்புக் குறியீடும் சேர்ந்து ஏறக்குறைய 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘க’வுக்கு மூன்று, ‘கு’வுக்கு ஆறு. கனமான டெம்ப்ளேட்டில் நீளமான தமிழ் மெயிலை வைத்தால் பட்டியலிலிருந்து விலகும் இணைப்பு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வெறும் எழுத்தாக, ஒன்றிரண்டு படத்தோடு அனுப்பினால் போதும்.

போய்ச் சேர வேண்டும்

2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இறுக்கின. ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் என்றால் அது எவ்வளவு சிறிய எண்ணிக்கை என்று பாருங்கள்.

நமக்கு 5,000 எல்லாம் ஏது என்று விட்டுவிடாதீர்கள். சிறிய அளவில் அனுப்புபவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல் எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் பதியும் டிஜிட்டல் கையொப்பம் டிகேஐஎம். இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் பக்கத்துக்குச் சொல்வது டிமார்க். சேவை தரும் சில வரிகளை உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். சாதாரண ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு இந்தச் சேவைகள் வழியாக அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அத்தகைய மெயில் ஸ்பேமுக்குப் போகவே வாய்ப்பு அதிகம். கடைக்கென்று சொந்த டொமைன் வாங்குவது முதல் செலவாக இருக்கட்டும்.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் திறந்து, வலப்பக்கம் மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். டிகேஐஎம் வரியில் உங்கள் டொமைன் பெயர் இருக்க வேண்டும். சேவை நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. இதற்கு உதவி கேட்டு அவர்களுடைய ஆதரவுப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதே நல்ல பரீட்சை.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பி எதையும் வாங்காதீர்கள். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்த பிறகு, படிக்காத மெயிலும் திறக்கப்பட்டதாகப் பதிவாகிறது. ‘திறக்காதவருக்கு மறுபடி அனுப்பு’ என்ற வசதியும் அதனால் பழைய மாதிரி நம்பத்தக்கதாக இல்லை. சொடுக்கியவர்கள், பதில் எழுதியவர்கள், வாங்கியவர்கள் ஆகிய மூன்றையும் எண்ணுங்கள்.

ஆள் பட்டியலை யாரிடமும் விலைக்கு வாங்காதீர்கள். உருப்படியான சேவை எதுவும் அதை அனுமதிக்காது, கணக்கை முடக்கிவிடும். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. யார், எந்த நாளில், எந்தப் படிவம் வழியாகச் சேர்ந்தார் என்பதைப் பதிந்து வைக்கும் சேவையே வேண்டும்.

பில் எப்படி வரும்?

சில நிறுவனங்கள் ஆள் கணக்கில் வாங்குகின்றன, சில அனுப்பிய மெயில் கணக்கில். ஆள் கணக்கிலும் உள்ளே ஒரு விஷயம் இருக்கிறது. மெயில்சிம்ப் விலகிப்போனவரையும், நீங்களே ஆர்க்கைவில் போடும்வரை, எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும். அதன் இலவசத் திட்டம் ஒரு காலத்தில் 2,000 பேர் வரை இருந்து, பிறகு 500 ஆகச் சுருங்கியது. இலவசம் என்பது எந்த நாளிலும் மாறக்கூடியது. 500 பேர், 2,000 பேர், 5,000 பேர் ஆகும்போது மாதம் எவ்வளவு என்று மூன்று எண்களை எழுதிவைத்து ஒப்பிடுங்கள்.

டாலரில் பில் போடும் சேவைக்கு இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிப்படி பதிவு வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் கட்டணம் திரும்பிப் போகும், நடுவழியில் உங்கள் மெயில் வரிசை நின்றுவிடும். இரண்டாவது வரி: ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறை பற்றி ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தேர்வு

ரூபாயில் பில், ஜிஎஸ்டி ரசீது, மற்ற கணக்கு மென்பொருளோடு இணைப்பு ஆகியவை முக்கியம் என்றால், சென்னையில் வளர்ந்த ஜோஹோவின் கேம்பெய்ன்ஸை முதலில் பாருங்கள். ஆள் நிறைய, மெயில் எப்போதாவது என்றால் பிரெவோ. அது மெயில் எண்ணிக்கைக்குத்தான் காசு வாங்குகிறது. இலவசத்தில் நாளுக்கு 300 மெயில் அனுப்பலாம். ஒரே ஒரு வகுப்பை விற்கும் ஆசிரியருக்கும் எழுத்தாளருக்கும், முன்பு கன்வெர்ட்கிட் என்ற பெயரில் இருந்த கிட் பொருந்தும். இலவசத் திட்டத்தில் நிறைய பேரைச் சேர்க்கலாம், ஆனால் தானியங்கி வரிசை ஒன்றுதான். நம் விதைக்கடைக்கு அந்த இலவசம் போதாது. மெயில்சிம்ப் நல்ல கருவிதான். புதிதாகத் தொடங்கும் சிறு கடைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், விலை ஏறும் வேகத்தைப் பார்த்துத்தான்.

எதை எடுத்தாலும் வெளியேறும் வழியைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். ஆட்களின் பட்டியலை டேக், சேர்ந்த தேதி ஆகியவற்றோடு சிஎஸ்வி கோப்பாக இறக்க முடிய வேண்டும். விலகியவர்களின் பட்டியலும் வர வேண்டும், இல்லையென்றால் புது இடத்தில் அவர்களுக்கே மறுபடி மெயில் போய்விடும். தானியங்கி வரிசையை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே எழுதிய மெயில்களின் நகலைத் தனிக் கோப்பில் வையுங்கள். பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கிச் சேமியுங்கள். முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமே கட்டுங்கள். தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்று தொடக்கத்திலேயே ஓராண்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.