இகாமாவும் வதனும்: இரண்டு ஊருக்கு நடுவே நிற்கும் சபராளி



 

இரண்டு வாரங்களுக்கு முன்னால், அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, ஒரு சகோதரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம்மாமில் 22 வருடமாக வேலை. 45 நாள் லீவில் வந்திருக்கிறார். பூர்வீகம் திருவாரூர் பக்கம். அந்த வீட்டை விற்று, இங்கே தாம்பரத்தில் வீடு கட்டி, குடும்பத்தைக் குடிவைத்திருக்கிறார். பிள்ளைகள் படிப்பதும் இங்கேதான்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். லீவில் வரும்போது நான் இங்கே முழுசா தொழணுமா, கஸ்ரா தொழணுமா?"

"இது உங்க வீடு பாய். ஒரே ஒரு நாள் வந்து தங்கினாலும் நாலு ரகஅத்துதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "சட்டத்தில் அப்படி இருக்கு ஹஜ்ரத். ஆனா என் வீட்டில் நான் முஸாஃபிர் மாதிரித்தான் இருக்கேன். சின்ன மகன் அவன் அம்மாகிட்ட, 'அத்தா எப்போ திரும்பிப் போவாங்க'ன்னு கேட்டது காதில் விழுந்துச்சு. அங்கே ரூமில் இருந்தா இந்த வீட்டு ஞாபகம். இங்கே வந்து பத்து நாள் ஆனா அந்த ரூம் ஞாபகம். என் அத்தா மவ்த்தானப்போ மையித்தை வீடியோ காலில்தான் பார்த்தேன். எந்த ஊர் என் ஊர்னே தெரியலை. இது என் ஈமானில் உள்ள குறையா?"

இந்தக் கேள்விக்கு அவருக்கு மட்டும் பதில் சொன்னால் போதாது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் என்று நம் பகுதி முழுவதும், தெருவுக்கு நாலு வீடாவது சபராளி வீடு. அதனால் இன்று இதையே பேசுவோம்.

ஊர் ஏக்கம் ஈமானின் குறை அல்ல

நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது அந்த ஊரைப் பார்த்துப் பேசினார்கள். பூமியிலேயே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான இடம் நீதான், என்னை வெளியேற்றாமல் இருந்திருந்தால் உன்னை விட்டுப் போயிருக்க மாட்டேன் என்ற கருத்தில் அவர்கள் சொன்னது திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. ஹிஜ்ரத் பயணத்தில் ஜுஹ்ஃபா என்ற இடத்தை அடைந்தபோது, திரும்பும் இடத்திற்கு உம்மை மீளச் செய்வான் என்று ஆறுதல் சொல்லும் வசனம் (28:85) இறங்கியதாக தஃப்ஸீர் ஆசிரியர்கள் சிலர் குறிப்பிடுகிறார்கள்.

மதீனா வந்து சேர்ந்த ஸஹாபாக்களுக்கு என்ன நடந்தது? புது ஊர், புதுத் தண்ணீர், புதுக் காற்று. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) இருவருக்கும் கடுமையான காய்ச்சல். காய்ச்சல் தணியும் நேரத்தில் பிலால் (ரலி) அவர்கள் குரலை உயர்த்தி, மக்காவின் பள்ளத்தாக்கையும், அங்கே முளைக்கும் புற்களையும், அங்குள்ள மலைகளையும் பெயர் சொல்லி ஏங்கிக் கவிதை பாடுவார்களாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் இது வருகிறது.

எண்ணிப் பாருங்கள்! அதே மக்காவில்தான் பிலால் (ரலி) சுடுமணலில் கிடத்தப்பட்டு, நெஞ்சில் பாறை வைக்கப்பட்டு வேதனை செய்யப்பட்டார்கள். அவர்கள் அங்கே அடிமையாக இருந்தவர்கள். அந்த ஊருக்காகவும் அவர்கள் உள்ளம் ஏங்கியது. ஊர் நமக்கு என்ன செய்தது என்று கணக்குப் பார்த்து ஏக்கம் வருவதில்லை.

மறக்கச் சொல்லவில்லை

இந்தச் செய்தி நபி (ஸல்) அவர்களுக்குப் போனது. "ஹிஜ்ரத் செய்து வந்த பிறகும் என்ன மக்கா நினைப்பு?" என்று அவர்கள் கடிந்துகொண்டார்களா? இல்லை. கையேந்தினார்கள். மக்காவை நாங்கள் நேசிப்பதைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எங்களுக்குப் பிரியமாக்கு என்று கேட்டார்கள். அந்த ஊரை ஆரோக்கியமானதாக ஆக்கவும், அதன் அளவைகளில் பரக்கத் செய்யவும், அதன் காய்ச்சலை அகற்றவும் கேட்டார்கள்.

இந்த துஆவைக் கவனியுங்கள். மக்காவை மறக்கச் செய் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. மக்காவின் நேசம் அப்படியே இருக்க, மதீனாவின் நேசத்தையும் கூடுதலாகக் கேட்கிறார்கள். அந்த துஆ கபூலானதற்கும் சாட்சி இருக்கிறது. பிற்காலத்தில் பயணம் முடிந்து திரும்பும்போது, மதீனாவின் சுவர்கள் கண்ணில் பட்டதும், அந்த ஊரின் மீதுள்ள பிரியத்தால் வாகனத்தை வேகப்படுத்துவார்கள் என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள் (புகாரி).

பிறந்த ஊரில் இரண்டு ரகஅத்

ஹிஜ்ரி 8. மக்கா வெற்றி. நபி (ஸல்) அவர்கள் பிறந்த ஊருக்குள் வருகிறார்கள். மதீனாவின் அன்ஸாரிகளுக்கு உள்ளே ஒரு பயம். சொந்த ஊரும் உறவும் கிடைத்துவிட்டதே, இனி இங்கேயே தங்கிவிடுவார்களோ என்று. அவர்கள் பேசிக்கொண்டது வஹீ மூலம் தெரியவந்ததும், என் வாழ்வும் உங்களோடுதான், என் மரணமும் உங்களோடுதான் என்று நபி (ஸல்) உறுதி சொன்னார்கள். அன்ஸாரிகள் அழுதுவிட்டார்கள் (முஸ்லிம்).

அந்தப் பயணத்தில் 19 நாட்கள் தங்கியிருந்தும், அங்கேயே தங்கும் நிய்யத் இல்லாததால் கஸ்ராகவே தொழுதார்கள். ஹிஜ்ரி 10ல் ஹஜ்ஜத்துல் வதாவுக்கு வந்தபோதும் அப்படித்தான். பிறந்த ஊர், தாய் தந்தையின் ஊர், கதீஜா (ரலி) அவர்களின் கபுர் இருக்கும் ஊர். அங்கே அவர்கள் முஸாஃபிர்! ஏனென்றால் அவர்களுடைய வதன் மதீனா ஆகிவிட்டது.

சகோதரர்களே, தம்மாம் பாய்க்கு இதைத்தான் சொன்னேன். நீங்கள் திருவாரூர் பக்கம் போய் அத்தாவின் கபுரை ஜியாரத் செய்துவிட்டு, இரண்டு நாள் தங்கி, லுஹரை இரண்டு ரகஅத்தாகத் தொழும்போது மனசு வலித்தால், கவலைப்படாதீர்கள். அது நபி (ஸல்) அவர்கள் மக்காவில் நின்ற நிலை.

வதன் எது? இகாமத் எது?

நம் ஃபுகஹாக்கள் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, வதனே அஸ்லி. பிறந்து வாழும் ஊர், அல்லது குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேறிய ஊர். அங்கே ஒரு மணி நேரம் வந்து நின்றாலும் முழுத் தொழுகைதான். பழைய ஊரை முழுமையாக விட்டுவிட்டு இன்னொரு ஊரில் குடியேறினால், பழைய ஊர் வதனாக இருப்பது முடிந்துவிடும். இரண்டு ஊரிலும் வீடும் குடும்பமும் வைத்து, இரண்டையும் சொந்த ஊராகவே வைத்திருப்பவருக்கு இரண்டுமே வதனாக இருக்க முடியும்.

இரண்டாவது, வதனே இகாமத். தற்காலிகமாகத் தங்கும் ஊர். ஹனஃபி மத்ஹபில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தங்க நிய்யத் செய்தால் அங்கே முழுத் தொழுகை. ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் செய்தாலே முழுத் தொழுகை. அவரவர் நிலைமையைச் சொல்லி ஆலிம்களிடம் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. சவுதியில் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் அட்டையை எல்லோரும் அழைப்பதே 'இகாமா' என்றுதான். தங்கியிருப்பதற்கான அனுமதி என்பதுதான் அது. வதன் என்று அது சொல்லவில்லை. அதைப் புதுப்பிக்கும்வரைதான் அந்த இருப்பு.

நம் முன்னோர்கள் இதை அனுபவித்துப் பார்த்தவர்கள். சிங்கப்பூரில் 1826 வாக்கிலேயே ஜாமிஆ சூலியா பள்ளிவாசலைக் கட்டிய சமுதாயம் நாம். பர்மாவில் கடை, வீடு என்று தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள், 1962ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு, கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்தார்கள். சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார் அப்படி வந்தவர்களால் உண்டானதுதான். 1990 ஆகஸ்டில் குவைத் போர் வந்தபோது, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் ஊர் திரும்பினார்கள். 2017 ஜூலையில் சவுதியில், உடன் வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு 100 கூடி, 2020ல் அது 400 ஆனது. மனைவி மக்களோடு அங்கே இருந்த எத்தனையோ பேர் அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, மறுபடியும் பேச்சிலர் ரூமுக்குப் போனார்கள். நம் மஹல்லாவிலேயே அப்படி வந்த குடும்பங்கள் உண்டு.

இகாமத்தை வதன் என்று நினைத்தவர்களுக்கு இது இடியாக இறங்கியது. இகாமத் என்று தெரிந்து வாழ்ந்தவர்களுக்குக் கஷ்டம் இருந்தது, ஆனால் திரும்பி வர ஒரு வீடும், வீட்டில் ஓர் இடமும் இருந்தது.

யாருக்கு என்ன கடமை?

சபராளி சகோதரரே! முதலில் உங்கள் நிய்யத்தைத் தெளிவாக்குங்கள். தொழுகைக்கே எத்தனை நாள் தங்குவேன் என்று நிய்யத் கேட்கிறது ஷரீஅத். வாழ்க்கைக்கு வேண்டாமா? மனைவியோடு உட்கார்ந்து, இன்னும் எத்தனை வருடம், எந்தக் கடன் அடைந்தால், எந்தப் பிள்ளையின் படிப்பு முடிந்தால் திரும்புவது என்று பேசி முடிவு செய்யுங்கள். "பார்க்கலாம்" என்று சொல்லியே 22 வருடம் ஓடிவிடுகிறது. பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி, தூக்கத்தையும் உணவையும் அது தடுக்கிறது, வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்).

உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவில், கணவன் படையில் போயிருந்த ஒரு பெண்ணின் தனிமைப் புலம்பலைக் கேட்டார்கள். மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, போர்வீரர்கள் குடும்பத்தைப் பிரிந்திருக்கக் காலவரம்பு வைத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஜிஹாதுக்குப் போனவருக்கே வரம்பு! நம்மில் இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு என்று இருப்பவர்கள், மாதாமாதம் பணம் அனுப்புவதோடு ஹக்கு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பேசுங்கள். பிள்ளையின் பாடத்தைக் கேளுங்கள். மனைவியின் மனதைக் கேளுங்கள்.

அங்கே இருக்கும் நாட்களையும் வீணாக்காதீர்கள். 'இது நம்ம ஊரா என்ன' என்று ஜமாஅத்தை விடுவது, பக்கத்து ரூம்காரரின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது சரியல்ல. மதீனாவுக்குக் கேட்டது போல, நீங்கள் இருக்கும் ஊரின் பரக்கத்துக்கும் அல்லாஹ்விடம் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களே! வரும்போது பெட்டியைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். அவர் இல்லாமல் வீடு நடத்திப் பழகிவிட்டீர்கள், உண்மைதான். அது உங்கள் தியாகம். ஆனால் அந்த 45 நாளும் அவரிடம் ஆலோசனை கேளுங்கள். விருந்தாளியைப் போல நடத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு, "இது அத்தாவுடைய வீடு, அத்தா வேலைக்குப் போயிருக்காங்க" என்று சொல்லி வளருங்கள்.

மஹல்லாவாசிகளே! லீவில் வந்தவரைக் கண்டதும் நாம் கேட்பது இரண்டே கேள்வி. "எப்போ வந்தீங்க? எப்போ போறீங்க?" ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் அவரை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்! இரண்டாவது கேள்வியை விட்டுவிடுங்கள். அவர் இல்லாத நாட்களில் அவருடைய வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, அந்த வீட்டில் ஒரு மவ்த் என்றால் முன்னால் நிற்க, நாம் இருக்க வேண்டும். அன்ஸாரிகள் செய்தது அதைத்தான்.

அன்பானவர்களே! இந்த உலகத்தில் அந்நியனைப் போல, அல்லது வழிப்போக்கனைப் போல இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பிடித்துச் சொன்னார்கள் (புகாரி). தம்மாமில் இருப்பவரும் தாம்பரத்தில் இருப்பவரும் உண்மையில் இகாமத்தில்தான் இருக்கிறோம். மக்காவுக்காக ஏங்கிய பிலால் (ரலி) அவர்கள் வஃபாத்தானது ஷாம் தேசத்தில். நம் எல்லோருக்கும் நிரந்தர வதன் மறுமைதான்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பாய் சின்ன மகனோடு வந்திருந்தார். தொழுகை முடிந்து, "உட்கார்ந்து பேசிட்டோம் ஹஜ்ரத். இன்னும் மூணு வருஷம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

யா அல்லாஹ்! ஹலாலான ரிஸ்க்குக்காகக் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் சகோதரர்களின் உடலையும் ஈமானையும் பாதுகாப்பாயாக! அவர்களை ஆரோக்கியத்தோடு வீடு சேர்ப்பாயாக! அவர்கள் இருக்கும் ஊரையும் வந்து சேரும் ஊரையும் அவர்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக! ஊர் திரும்ப முடியாமலேயே கபுரடைந்தவர்களின் கபுரை ஒளியாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.