அடி இறக்கம்: கர்ப்பப்பையை எடுக்காமலும் சரிசெய்யலாம்

தேவாரத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டம் போகிறவர்களுக்குத் தெரியும்: காய் செடியின் தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில்தான் பிடிக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். அடி இறங்கிய பெண்ணுக்கு உட்கார்ந்ததுமே கீழே உருண்டையாக ஏதோ இடிக்கும். பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் காய் எடுப்பவளிடம்கூட மூச்சு விடமாட்டாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய், "கர்ப்பப்பையை எடுத்துரலாம்" என்றதும் தலையாட்டிவிடுவாள்.

அடி இறக்கம், அதாவது கர்ப்பப்பை இறங்குவது, அதைத் தாங்கும் தசையும் நாரும் தளர்ந்துபோவதால். தூளி தாழ்ந்தால் கயிற்றைத்தானே இழுத்துக் கட்டுகிறோம்?

செய்ய வேண்டியவை

• போடி அரசு மருத்துவமனையிலோ, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது, மூத்திரப்பையும் சேர்ந்து இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

• இறக்கம் குறைவென்றால் மூத்திரத்தை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி விடும் பயிற்சியை 3 மாதம் விடாமல் செய்யுங்கள். உள்ளே பொருத்தும் பெசரி வளையம் பற்றியும் கேளுங்கள்.

• இன்னும் பிள்ளை வேண்டுமென்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். கர்ப்பப்பையை நாடாவால் இழுத்துக் கட்டும் 'ஸ்லிங்' அறுவைகள் உண்டு. புரந்தரே முறையில் நாடா வயிற்றுச் சுவரோடும், ஷிரோட்கர் முறையில் முதுகின் அடியெலும்போடும் சேரும். இரண்டும் மும்பை மருத்துவர்கள் வகுத்தவை.

• பிள்ளை பெற்று முடித்தவர்கள் மான்செஸ்டர் முறையைக் கேட்டுப் பாருங்கள். நீண்ட கர்ப்பப்பை வாயைக் குறைத்து, நார்களைச் சேர்த்துத் தைப்பார்கள். கர்ப்பப்பையை இடுப்பெலும்பு நாரில் தைத்து நிறுத்தும் முறையும் உண்டு. 2023இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 2 ஆண்டு கழித்து மான்செஸ்டர் முறை 87 சதவீதம் பேருக்கும், மற்றது 77 சதவீதம் பேருக்கும் பலன் தந்திருந்தது.

• அறுவைக்கு முன் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• துணியை உள்ளே திணித்து அடைக்காதீர்கள். புண்ணாகும்.

• எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நம்பாதீர்கள். தாங்கும் நார் தளர்ந்தே இருந்தால், கர்ப்பப்பை போன பிறகும் பிறப்புறுப்பின் மேல்பகுதி இறங்கலாம்.

• மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ "எடுக்கவே மாட்டேன்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அங்கே எடுப்பது உயிருக்குக் காவலாகலாம்.

• இறக்கத்தைத் தாங்கப் பிறப்புறுப்பு வழியாக வலை வைப்பதற்கு யோசிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் அந்த வலைகளின் விற்பனையையே நிறுத்தச் சொன்னார்கள்.

• அறுவைக்குப் பின் குறைந்தது 6 வாரம் குடம், காய்மூட்டை எதையும் தூக்காதீர்கள். மலச்சிக்கலையும் விடாத இருமலையும் சும்மா விடாதீர்கள். முக்கினாலும் இருமினாலும் தையலில்தான் பாரம் விழும்.

• வீட்டுக்காரரோ மாமியாரோ பேசி முடித்தார்கள் என்பதற்காகப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "எடுக்காம சரிபண்ண வழி இருக்கா டாக்டர்?" என்று உங்கள் வாயால் கேட்டு, பதில் புரிந்தபிறகு போடுங்கள்.